ஜீப்: யாருடைய சொல்?

கொல்லிமலைக் குண்டூர் நாடு போன்ற மலையூர்களில் கரடுமுரடான பாதையில் ஏறும் வண்டி எந்த நிறுவனத்தினுடையதானாலும் ‘ஜீப்’தான். ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயரை இப்படிப் பொதுப்பெயராக்குவது பிழை என்பவர்கள் சொல்லின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ‘பொதுப்பயன்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமான ‘ஜி.பி.’யே ஜீப் ஆனது என்பர். ஆனால் ஃபோர்டு நிறுவனத்தின் வண்டிக் குறியீட்டில் ‘ஜி’ அரசு ஒப்பந்தத்தையும் ‘பி’ 80 அங்குலச் சக்கர இடைவெளியையுமே குறித்தன. 1936இலேயே பாப்பாய் சித்திரக்கதையில் ‘ஜீப்’ என்றொரு மாய விலங்கு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்கள் வாயில் பரவிய இப்பெயர், ஜீப்புகளைத் தயாரித்த வில்லிஸ் நிறுவனத்தின் வணிகக்குறியாக 1950இல்தான் பதிவானது. மஹிந்திரா நிறுவனமோ அதற்கு முன்பே இந்தியாவில் பாகங்களை இணைத்து ஜீப்புகளை உருவாக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே பொதுப்பெயராக வழங்குவதே இதன் மூத்த வழக்கு. ‘மலையூர்தி’ எனலாமே என்றால், சமவெளியில் ஓடும் காவல்துறை ஜீப்பை அது அடக்காது. ‘ஜீப்’ என்றே எழுதுவோம்.