சுருட்டுக்கு உடுத்திய பட்டு

கல்யாண வீட்டுப் பந்தலில் ஒரு தாம்பாளம் சுற்றி வரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அவற்றின் ஓரத்தில் சிகரெட்டுகள். வசதியுள்ள வீடாயின் பொன்னிறக் காகித வளையம் அணிந்த சுருட்டுகள். தஞ்சைத் தரணியில் அறுபது வயதைக் கடந்தோர் பலருக்கும் இக்காட்சி நினைவிருக்கும். அந்த வளையத்தை உருவி மோதிரமாக மாட்டிக்கொண்டு திரிந்த சிறுவர்கள் இன்று பாட்டனார்களாகிவிட்டார்கள். அந்தக் காகித மோதிரத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நமக்கு ஒரு பாடமும் உண்டு.

புகையிலை நம் மண்ணுக்குரிய பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அதைப் போர்ச்சுகீசியர் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தனர். பேரரசர் அக்பரின் அவைக்கு அது பீஜப்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது பதினேழாம் நூற்றாண்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவருடைய மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகைப்பதைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை, பழக்கம் நிலைத்தது. தமிழில் புகையிலையைப் போற்றித் தூது இலக்கியமே எழுந்தது. சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ அத்தகையது.

காவிரியின் வண்டல் நெல்லுக்கு உரியது. ஆகவே டெல்டாவின் நடுப்பகுதியில் புகையிலைக்கு இடமில்லை. கடலை ஒட்டிய வேதாரண்யத்து மணற்பாங்கான நிலத்தில்தான் அது விளைந்தது. உப்புக்குப் பேர்போன அவ்வூர் புகையிலைக்கும் பேர்போனது. ஆனால் அந்த இலை பெரும்பாலும் வெற்றிலையோடு மெல்லுவதற்கே சென்றது. சுருட்டுக்குப் புகழ் சேர்த்தவை டெல்டாவின் தலைவாசலில் உள்ள திருச்சிராப்பள்ளியும், இலை விளைந்த திண்டுக்கல்லும் ஆகும். திருச்சியை அடுத்த உறையூரில் சுருட்டுச் சுற்றுவது ஒரு காலத்தில் பெருந்தொழிலாக விளங்கியது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல்லே நம் ‘சுருட்டு’ என்பதன் திரிபுதான். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கீழே சிதறிக் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். அந்த அளவுக்கு அச்சுருட்டு இலண்டன்வரை அறிமுகமாகியிருந்தது.

சுருட்டு ஒன்றில் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளே பொதியும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தும் இலை. கிழிசலோ புள்ளியோ இல்லாத அழகிய இலை எதுவோ அதையே மேலிலையாகத் தேர்ந்தெடுப்பர். உள்ளே துண்டு துணுக்குகள் இருந்தாலும் வெளியே தெரிவது அந்த மேலிலை ஒன்றே. வாங்குபவரின் கண் விலை பேசுவது அதனோடுதான்.

திருச்சிச் சுருட்டு எளிய தோற்றமுடையது. இரு முனையும் வெட்டப்பட்ட நேரான உருளை. பிற நாட்டார் அந்த மேலிலையிலேயே வித்தைகள் காட்டினர். பறித்த இலையைச் சூட்டில் விரைவாக உலர்த்தினால் அதன் பச்சை நிறம் மாறாது. அந்தப் பச்சை இலையையும் கரும்பழுப்பு இலையையும் மாறி மாறிச் சுற்றி வரிவரியான சுருட்டுகளைச் செய்தனர். மூன்று சுருட்டுகளைச் சடைபோல் பின்னி, ‘பாம்பு’ எனப் பொருள்படும் ஸ்பானியப் பெயரிட்டு விற்றனர். பர்மியர் நறுவிலி இனத்து மரத்தின் இலையில் சுருட்டைச் சுற்றி, அதற்கு வண்ணக் காகிதப் பட்டை ஒட்டினர். டெல்டாவின் ஊர்களிலிருந்து இரங்கூனுக்கு வணிகம் செய்யச் சென்ற நம் முன்னோர் அந்தப் பர்மாச் சுருட்டை நன்கறிவர்.

பொன்னிற வளையம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கியூபாவின் ஹவானா நகரில் பரவியது. போலிச் சரக்கிலிருந்து தம் சரக்கைப் பிரித்துக் காட்ட வணிகர் அதை அணிவித்தனர் என்பர். பின்னர் அச்சுக்கலை வளர, அரசர்களும் அழகியரும் மலர்களும் அந்தச் சிறு வளையத்தில் குடியேறினர். அமெரிக்காவிலோ, குழந்தை பிறந்தால் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று அச்சிட்ட வளையமுடைய சுருட்டுகளை நண்பர்களுக்கு வழங்கும் வழக்கம் தோன்றியது. நாம் அகீகா கொடுத்து ஏழைக்கும் உறவினருக்கும் உணவளித்து மகிழும் தருணத்தில், அவர்கள் புகையைப் பரிசளித்தனர்.

இந்தப் புதுப்பொருளைப் பற்றி நம் மார்க்க அறிஞர்கள் அன்றே விவாதித்தனர். உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633-இல் புகையிலையைக் கடுமையாகத் தடை செய்தார். ஆனால் டமாஸ்கஸ் நகரின் பேரறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ, அது ஹராம் அன்று எனத் தனி நூலே எழுதினார். மறுத்தோர், பச்சைப் பூண்டு உண்டவர் அதன் வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுத்த நபிமொழியை ஒப்பிட்டு, மக்ரூஹ் என்றனர். அன்று எவர் கையிலும் மருத்துவச் சான்று இல்லை. அது 1950-இல் வந்தது. டால், ஹில் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அவ்வாண்டில் எடுத்துக்காட்டினர். தீங்கு தெளிவானபின் தீர்ப்பும் மாறியது. நம்மவர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995-இல் புகைப்பதை ஹராம் என அறிவித்தது. தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதைத் தடுக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனத்தை அறிஞர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர்.

மேலுறையின் வரலாறும் அத்துடன் திசை திரும்பியது. நம் நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட புகையிலைச் சட்டத்தின் வழியே, 2009 மே 31 முதல் படத்துடன் கூடிய எச்சரிக்கை கட்டாயமானது. 2016 ஏப்ரல் முதல் அது உறையின் 85 விழுக்காட்டை நிறைக்க வேண்டும் என்றானது. அரசரும் அழகியரும் வீற்றிருந்த இடத்தில் நோயுற்ற உறுப்பின் படம் வந்து அமர்ந்தது. மறைப்பதற்காகப் பிறந்த உறை, உண்மையைச் சொல்லும்படி ஆயிற்று.

இங்கு இன்னொரு தரப்பையும் மறத்தலாகாது. மேலப்பாளையத்திலும் வேலூர்ப் பகுதியிலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றி, அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் எண்ணற்றோர். அவர்களுள் நம் சமுதாயப் பெண்கள் மிகப் பலர். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென 1966-இல் ஒரு சட்டம் வந்தும் அவர்களின் வாழ்வு வளம் பெறவில்லை. புகையை வெறுப்போம், அதைச் சுற்றிய விரல்களை வெறுக்கலாகாது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் அமைத்துத் தருவது ஜமாஅத்துகளின் கடமையுமாகும்.

கல்யாணத் தாம்பாளத்திலிருந்து சுருட்டு இன்று மறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மேலுறையின் மயக்கம் மறையவில்லை. பழச்சுவை ஊட்டிய ஹுக்காவாகவும், 2019-இல் தடை செய்யப்பட்ட பின்னும் பைக்குள் ஒளிந்து வரும் மின்சிகரெட்டாகவும் அது நம் பிள்ளைகளைத் தேடி வருகிறது. அன்று சிறுவனின் விரலில் ஏறிய காகித மோதிரம் வெறும் விளையாட்டாகத்தான் தோன்றியது. உறையைக் கண்டு மயங்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்கும் கண்ணை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாமே பழக்குவோம். அல்லாஹ் அதற்குத் துணைபுரிவானாக. ஆமீன்.