கடலிலிருந்து கல் எடுக்காமல் வீட்டில் ஒரு பவளத் தொட்டி

தோட்டத்து லயங்களில் போத்தலில் சண்டைமீன் வளர்த்தும், கால்வாயில் இறங்கிக் கப்பி மீன் பிடித்தும் வளர்ந்தவர்களில் பலர், பட்டணத்துக்குக் குடிவந்த பிறகும் மீன்தொட்டியை விடவில்லை. அவர்களில் சிலரின் அடுத்த ஆசை கடல்நீர்த் தொட்டி. கோமாளி மீனும், நீரோட்டத்தில் அசையும் பவளமும் கொண்ட சிறு கடல் ஒன்றை வீட்டுக் கூடத்தில் வைக்கும் ஆசை அது. அந்த ஆசையோடு கடைக்குப் போகிறவர் மீனைப் பார்க்கிறார், விளக்கைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார். கல்லைக் கடைசியில்தான் பார்க்கிறார். பவளத் தொட்டி நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அந்தக் கல்லைப் பொறுத்தே அமைகிறது.

கல் செய்யும் வேலை

நன்னீர்த் தொட்டியில் கல் ஓர் அலங்காரப் பொருள். பவளத் தொட்டியில் அதுவே வடிகட்டி. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் குடியேறும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கல்லின் உட்புறத்தில், ஆக்சிஜன் எட்டாத நுண்துளைகளில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. ஆற்றுக் கூழாங்கல்லைப் போன்ற இறுகிய கல் இதற்கு அவ்வளவாக உதவாது. துளைகள் நிறைந்த கல்லே வேண்டும்.

இந்த வேலையைக் கல்லிடமே விட்டுவிடலாம் என்று எழுதிய முன்னோடிகளில் ஒருவர் நமது அண்டை நாட்டுக்காரர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த கல், இயற்கைக் கடல்நீர், சிறிதளவு காற்றுக் குமிழ் ஆகியவற்றைக் கொண்டே பவளங்களை வளர்த்த தமது முறையை 1961-இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் விளக்கினார். பின்னாளில் ஜெர்மனியின் பெர்லின் நகர மீன் வளர்ப்பாளர்கள், நுரைவழி கழிவை அகற்றும் ஸ்கிம்மர் கருவியை அந்தக் கல்லோடு சேர்த்துப் பயன்படுத்தினர். 'பெர்லின் முறை' என்று பெயர் பெற்ற அந்த வழி உலகெங்கும் பரவியது. கடைகளில் 'லைவ் ராக்' எனப்படும் உயிர்க்கல்லுக்கான தேவையும் அதனுடன் பெருகியது.

கடல் கொடுத்த விலை

உயிர்க்கல் என்பது இறந்த பவளங்களின் சுண்ணாம்பு எலும்புக்கூடு. அதன்மேல் பாசி, புழு, கடற்பஞ்சு, பாக்டீரியா எனப் பல உயிர்கள் ஒட்டி வாழ்கின்றன. பவளக் குஞ்சுகள் வந்து பற்றுவதும் சிறு மீன்கள் ஒளிவதும் அதில்தான். ஒரு கூடைக் கல்லை எடுத்தால், அந்த இடத்தில் அதே அளவு கல் மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கடினப் பவளங்கள் அனைத்தும் 1990 முதல் இடம்பெற்றுள்ளன. உயிர்க்கல்லும் அந்தக் கட்டுப்பாட்டின் கீழ் வருகிறது. எனவே, நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல உரிமம் தேவை. மலேசியாவில் இந்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவது 2008-ஆம் ஆண்டுச் சட்டம். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், பாயார் போன்ற கடல் பூங்காக்களில், 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி உயிருள்ள பவளம் மட்டுமன்றி, இறந்த பவளத் துண்டைக்கூட அனுமதியின்றி எடுப்பது குற்றம். விடுமுறைக்குப் போன இடத்தில் நினைவுக்காக ஒரு துண்டு எடுத்துவந்து தொட்டியில் வைக்கலாம் என்று எண்ணுவோர் இதை மறக்கக் கூடாது. உயிர்க்கல் ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த பிஜித் தீவுகள் 2017-ஆம் ஆண்டு இறுதியோடு பவளம், உயிர்க்கல் இரண்டின் ஏற்றுமதியையும் நிறுத்தின. செயற்கைப் பாறைக்கு வரவேற்பு கூடியதற்கு இத்தகைய தடைகளும் ஒரு காரணம்.

வளர்ப்போரின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. கடலிலிருந்து வரும் கல்லில் அழையா விருந்தாளிகள் ஒளிந்திருப்பார்கள். சிறு மீனை ஒரே அடியில் கொல்லும் மாந்திஸ் இறால், பவளத்தைச் சுட்டு அழிக்கும் அயிப்டேசியா என்னும் கடல் சாமந்தி ஆகியவை தொட்டிக்குள் புகுந்துவிட்டால் அகற்றுவது பெரும்பாடு. செயற்கைப் பாறையில் இந்தத் தொல்லை இல்லை.

சந்தையில் உள்ள வகைகள்

சிமெண்டுப் பாறை: சிமெண்டுடன் அரகோனைட் எனப்படும் சுண்ணாம்பு மணலைக் கலந்து வார்ப்பது. ஊதா நிறம் பூசி விற்பதும் உண்டு.

பீங்கான் பாறை: களிமண்ணை அதிக வெப்பத்தில் சுட்டுச் செய்வது. எடை குறைவு. நீரின் தன்மையை மாற்றாது. வளைவு, கிளை, மேடை என விரும்பிய வடிவில் கிடைக்கும்.

உலர்கல்: பழங்காலத்தில் கடலாக இருந்து இன்று நிலமாகிவிட்ட பகுதிகளில் தோண்டி எடுப்பது. இது செயற்கையானதன்று. என்றாலும் உயிருள்ள பவளத்திட்டைத் தொடாமல் கிடைப்பது. சில உலர்கற்களில் பாஸ்பேட் தேங்கியிருக்கும். அது நீரில் கசிந்தால் பாசி மண்டும்.

ரெசின் பாறை: பவளத்தின் வடிவில் வார்த்து வண்ணம் பூசியது. பார்வைக்கு அழகு. துளைகள் இல்லாததால் வடிகட்டும் வேலைக்கு இதை நம்ப முடியாது.

வீட்டிலேயே வார்க்க விரும்பினால்

சிமெண்டு வேலை தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இது எளிது. ஒரு பங்கு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு, மூன்று அல்லது நான்கு பங்கு அரகோனைட் மணல் அல்லது நொறுக்கிய சிப்பி ஓடு, ஒன்று அல்லது இரண்டு பங்கு கல்லுப்பு ஆகியவற்றைக் கலக்க வேண்டும். கோழித் தீனிக்காக விற்கப்படும் சிப்பி ஓடு, வேறு எதுவும் கலக்காததாக இருந்தால் போதும். உப்பு பின்னர் கரைந்து வெளியேறி, கல்லில் துளைகளை விட்டுச் செல்லும்.

தண்ணீரைத் தெளித்துத் தெளித்தே சேர்க்க வேண்டும். பதம் புட்டு மாவைப் போல இருக்க வேண்டும். கையில் பிடித்தால் பிடிபடும், நீர் வழியாது. ஒரு பெட்டியில் ஈர மணலைப் பரப்பிக் குழி செய்து, கலவையை அதில் கொட்டி, குகை வேண்டிய இடத்தில் ஈர மணலையே உருண்டையாக வைத்து மூடலாம். அதிகம் அழுத்தினால் துளைகள் அடைபடும். உள்ளே இரும்புக் கம்பி வைக்கக் கூடாது, உப்புநீரில் துருப்பிடிக்கும். தாங்கல் வேண்டுமென்றால் பி.வி.சி. குழாய் போதும். சிமெண்டு தோலையும் நுரையீரலையும் பாதிக்கும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

இரண்டு நாள் கழித்துக் கல்லை எடுத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. புதுச் சிமெண்டின் காரத்தன்மை மிக அதிகம்; பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். கடல்நீரின் அளவோ 8.1 முதல் 8.4 வரை மட்டுமே. எனவே, கல்லை நன்னீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, 4 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டும். முடிவில் புது நீரில் இரண்டு நாள் விட்டு, பி.எச். அளந்து பார்க்க வேண்டும். 8.5-க்கு மேல் போனால் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். இங்கே அவசரப்பட்டால் தொட்டியில் விடும் முதல் மீனே அதற்கு விலை கொடுக்கும்.

அடுக்கும் முறை

தொட்டியின் அடிப்பரப்பு அளவைத் தரையில் விரித்த செய்தித்தாளில் வரைந்துகொண்டு, நீர் இல்லாமலே கற்களை அடுக்கிப் பார்ப்பது நல்லது. நான்கு பக்கமும் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே 8 முதல் 10 செண்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பாசி துடைக்கும் காந்தமும் கையும் நுழைய அது உதவும்.

லிட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை கல் வேண்டும் என்பது பழைய கணக்கு. அதன்படி அடுக்கினால் தொட்டியின் பின்புறம் சுவர்போல் நிரம்பிவிடும். பின்னால் நீர் ஓடாது, கழிவு தேங்கும். துளை மிகுந்த செயற்கைப் பாறைக்கு அதைவிடக் குறைந்த எடையே போதும். சம அளவில்லாத இரண்டு மேடுகளை அமைத்து, பெரியதைத் தொட்டியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் வைத்து, நடுவே வெற்றிடம் விட்டால் பார்வைக்கும் அழகு, நீரோட்டத்துக்கும் வழி.

உயரம் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இன்று விரல் அளவில் ஒட்டும் பவளம் நாளை கையளவு வளரும். அதற்கான இடத்தை இப்போதே விட வேண்டும். அதிக ஒளியும் வேகமான நீரோட்டமும் கேட்கும் கிளைப் பவளங்களுக்கு உச்சி, பெரிய சதைப்பற்றுள்ள பவளங்களுக்கு நடுப்பகுதி, காளான் பவளங்களுக்கு அடிப்பகுதி ஏற்றது. சில பவளங்கள் இரவில் நீண்ட கொடுக்கிழைகளை நீட்டி அக்கம்பக்கத்துப் பவளத்தைச் சுடும். எனவே, மேடைகளுக்கு இடையே தூரம் வேண்டும். மீன்கள் இரவில் உறங்கவும் துரத்தப்படும்போது ஒளியவும் இரண்டு வாசல் கொண்ட குகைகள் தேவை.

கல்லை மணலின் மேல் வைக்கக் கூடாது. முதலில் கல், பிறகு மணல். கோபி மீனும் பிஸ்டல் இறாலும் மணலைத் தோண்டும்போது, மேலே நிற்கும் கல் சரிந்து கண்ணாடியை உடைக்கலாம். இணைப்புகளுக்கு ஜெல் வகை சூப்பர் குளூவும் மீன்தொட்டிக்குரிய எப்பாக்சியும் சேர்த்துப் பயன்படுத்தலாம். பெரிய வளைவுகளுக்குத் துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருகுவது உறுதி. கையால் அசைத்துப் பார்த்து அசையவில்லை என்றால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும்.

கல்லுக்கு உயிர் வரும் வரை

செயற்கைப் பாறையின் குறை இதுதான்: அது வெறும் கல்லாகவே வருகிறது. அதில் உயிர் குடியேற 4 முதல் 6 வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். போத்தலில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்து, சிறிதளவு அமோனியாவை உணவாக விட்டு, மீன் இல்லாமலே தொட்டியை ஓட்ட வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே முதல் மீன்.

அடுத்த சில மாதங்கள் பார்க்க அழகாக இருக்காது. முதலில் பழுப்புப் படலம், பின்பு பச்சை இழைப் பாசி எனக் கல் மாறி மாறி அழுக்காகத் தெரியும். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நத்தைகளை விட்டு, தீனியைக் குறைத்து, ஆர்.ஓ. நீரில் கலந்த கடலுப்பு நீரை முறையாக மாற்றிவந்தால் பாசி அடங்கும். பிறகு ஊதாவும் இளஞ்சிவப்புமான சுண்ணாம்புப் பாசி படரத் தொடங்கும். வேறொருவரின் பழைய தொட்டியிலிருந்து கையளவு கல் கிடைத்தால் இந்தக் காலம் சுருங்கும். அதில் அயிப்டேசியா இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பவளங்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. நம் வீட்டுக் கூடத்தின் பகல் வெப்பம் 30-ஐத் தாண்டும். ஆகவே, குளிரூட்டும் சில்லர் கருவியையும் அதன் மின்கட்டணத்தையும் முதல் நாள் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பழைய கல்லைச் சுத்தம் செய்ய ஒருபோதும் வேகவைக்கக் கூடாது. பாலிதோவா என்னும் பூப்போன்ற பவள இனத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும்போது அது ஆவியோடு கலந்து மூச்சில் ஏறும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய பவளங்களைக் கையாண்ட வளர்ப்பாளர்கள் குடும்பத்தோடு மருத்துவமனை சென்ற சம்பவங்கள் பதிவாகியுள்ளன. அதுபோல், வீட்டுத் தோட்டத்து அலங்காரக் கல்லையும் வண்ணக் கல்லையும் தொட்டியில் போடக் கூடாது. செம்பு கசியும் கல் மீனை விட்டுவைத்தாலும் இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும்.

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள்

கல் எங்கிருந்து வந்தது? அது வார்த்ததா, நிலத்தில் தோண்டியதா, கடலிலிருந்து எடுத்ததா? கடல் கல் என்றால் உரிமம் உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காத கல்லை வாங்காமல் வருவதே நல்லது. பவளம் வாங்கும்போதும் பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகளைக் கேட்டு வாங்கலாம்.

கடலிலும் இதே முறை பயன்படுகிறது. சரவாக்கில் ஆமைகள் முட்டையிடும் தீவுகளை ஒட்டிய கடலில், இழுவை வலைகளைத் தடுக்கவும் மீன்கள் தங்கவும் துளையிட்ட சிமெண்டு உருண்டைகள் இறக்கப்பட்டன. அவற்றிலும் காலப்போக்கில் பவளம் பற்றியது. மனிதன் வார்த்த கல்லையும் பவளம் ஏற்றுக்கொள்கிறது. அதற்கான காலத்தைக் கொடுப்பது மட்டுமே வளர்ப்பவரின் வேலை.