எக்ஸ்ரே ஃபிலிமும் பேயஸ் தேற்றமும்

திருவெறும்பூரில் மாலை நேர டியூஷனுக்குப் போனால், மாநிலப் பாடத்திட்ட மாணவனும் சிபிஎஸ்இ மாணவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நிபந்தனை நிகழ்தகவு அவனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் வருகிறது, அவளுக்குப் பன்னிரண்டில். இரண்டு கணக்குப் புத்தகத்திலும் அது கடைசி அத்தியாயம். தேர்வு நெருங்கும்போது அவசர அவசரமாக முடிக்கப்படுவது. நிபந்தனையைக் காட்டும் குறியீட்டில் மட்டும் சின்ன வேறுபாடு: மாநிலப் புத்தகத்தில் சாய்கோடு, சிபிஎஸ்இ மாணவியின் என்சிஇஆர்டி புத்தகத்தில் நேர்கோடு. சாய்கோட்டைப் பார்த்ததும் ‘ஏ வகுத்தல் பி’ என்று கை தானாக வகுக்கப் போய்விடுகிறது என்பதால் நேர்கோட்டுக்கே என் ஓட்டு.

ஆனால் ஒப்பிட வேண்டியது புத்தகங்களை அல்ல. ஒரே கணக்கைச் சூத்திரத்தில் போடுவதையும் எண்ணிப் பார்ப்பதையும்தான்.

கணக்கை வெளியே தேட வேண்டாம். பெல் (BHEL) கொதிகலன் ஆலையும் அதைச் சுற்றிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருக்கும் ஊரில், வெல்டிங் ஜாயிண்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது பல வீடுகளில் அப்பாவின் வேலை. உள்ளே காற்றுத் துளை இருந்தால் ஃபிலிமில் கரும்புள்ளியாகத் தெரியும். ஃபிலிமில் விழுந்த கீறலும் விரல் ரேகையும் சில நேரம் பழுது போலவே ஏமாற்றும். நூற்றுக்கு 2 ஜாயிண்ட் பழுது என்று வைத்துக்கொள்வோம். பழுதானதில் 90 சதவீதத்தை ஃபிலிம் காட்டிக்கொடுக்கிறது. நல்லதிலும் 5 சதவீதத்தைப் பழுது என்கிறது. இவை பாடத்துக்காக நான் வைத்த எண்கள். ஒரு ஜாயிண்டைப் பழுது என்று ஒதுக்கினால், அது உண்மையிலேயே பழுதாக இருக்கும் வாய்ப்பு என்ன?

வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் 90 என்பார்கள். ‘பழுதானது மாட்டும் வாய்ப்பு’, ‘மாட்டியது பழுதாக இருக்கும் வாய்ப்பு’ இரண்டும் ஒன்றென்ற நினைப்பு. சூத்திரம் தெரிந்த மாணவனும் இங்கே சறுக்குவான், பகுதியில் எதை வைப்பது என்று தெரியாமல்.

எண்ணிப் பார்ப்பவன் 1000 ஜாயிண்டை எடுத்துக்கொள்கிறான். பழுது 20, மாட்டுவது 18. நல்லது 980, வீணாக மாட்டுவது 49. ஒதுக்கிய குவியலில் மொத்தம் 67, அதில் நிஜப் பழுது 18. ஏறக்குறைய 27 சதவீதம். பகுதி 1000 அல்ல, 20-ம் அல்ல, 67 என்பது கண்ணெதிரே கிடக்கிறது. நிபந்தனை என்பது இப்படிக் குவியலைச் சுருக்குவதுதான். இப்படி எண்ணிக்கையாகக் கொடுத்தால் இந்த மாதிரி பேயஸ் தேற்றக் கணக்கைச் சரியாகப் போடுவோர் கூடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கிகெரென்சரும் ஹாஃப்ராகேயும் 1995-இல் சோதித்துக் காட்டினார்கள். பேயஸ் எழுதியதோ அவர் இறந்த பிறகு, 1763-இல் வெளிவந்தது. இத்தனை காலமாக வகுப்பறை மட்டும் சூத்திரத்தில்தான் தொடங்குகிறது.

அதற்காகச் சூத்திரத்தைத் தள்ளிவிட முடியாது. இரண்டு நிகழ்ச்சிகளின் வாய்ப்பை வெறும் தசமமாகக் கொடுத்து, சார்பிலா நிகழ்ச்சிகளா என்று கேட்கும் கேள்வியில் எண்ணுவதற்கு ஆளும் இல்லை, ஜாயிண்டும் இல்லை. அங்கே குறியீடு தெரிந்தவன்தான் தப்புவான்.

இன்னொரு பட்டறையில் பழுது நூற்றுக்கு 20 என்றால்? எண்ணுபவன் மறுபடி தொடங்க வேண்டும்: ஆயிரத்தில் மாட்டிய பழுது 180, வீணாக மாட்டியது 40, விடை 82 சதவீதம். அதே ஃபிலிம், அதே கண், ஆனால் தீர்ப்பின் நம்பகம் மூன்று மடங்கு. எந்த இடத்தில் அது பாதியைத் தாண்டும் என்று கேட்டால் எண்ணும் முறை தட்டுத்தடுமாறும். சூத்திரக்காரன் பழுது விகிதத்தை ‘ப’ என்று வைத்து, மாட்டிய பழுதும் வீணாக மாட்டியதும் சமமாகும் இடத்தை 0.9ப = 0.05(1 − ப) என ஒரே வரி எழுதுகிறான். ப = 1/19. பத்தொன்பது ஜாயிண்டில் ஒன்றுக்கு மேல் பழுதாகும் பட்டறையில்தான், ஒதுக்கியவற்றில் பாதிக்கு மேல் நிஜப் பழுது.