எண்ணிப் பார்த்தவர்கள்

இலக்கியம் என்ற சொல்லை நாம் கவிதைக்கும் கதைக்கும் உரியதாகவே வைத்திருக்கிறோம். அறிவியலாளரோ ஒரு துறையில் அதுவரை வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். அவ்விலக்கியத்தை முறையாகப் படிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

அதன் வேர் மருத்துவத்தில் இருக்கிறது. குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தினால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறையும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் எழுதினர். தொடர்ந்து வேறு சோதனைகளும் நடந்தன. அவற்றை ஒருசேர வைத்து நோக்கிய தொகுப்போ 1989இல்தான் வெளிவந்தது. அதற்குள் அம்மருந்து கிட்டாமலே இறந்துபோன சிசுக்கள் பல்லாயிரம் இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 1993இல் தோன்றிய காக்ரேன் கூட்டமைப்பு, அச்சோதனைகளுள் ஏழின் முடிவுகளையே தன் இலச்சினையாக வரைந்துகொண்டது.

இம்முறையை மென்பொருள் துறைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் பார்பரா கிச்சன்ஹாம். 2004இல் எடின்பரோ மாநாட்டில் அவரும் நார்வேயில் பணியாற்றிய டோரே டிபோ, மாக்னே யோர்கென்சன் ஆகியோரும், மென்பொருள் ஆக்கமும் சான்றுகளின் அடிப்படையில் நடைபெற வேண்டும் என வாதிட்டனர். அவ்வாண்டே கீல் பல்கலைக்கழகத்திலிருந்து கிச்சன்ஹாமின் வழிமுறைக் கையேடு வெளிவந்தது. கேள்வியை முன்னரே எழுதிவைக்க வேண்டும். எங்கே தேடுவது, எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதைத் தேடலுக்கு முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும். நமக்கு உவப்பானதை மட்டும் பொறுக்கி எடுக்கலாகாது. சொல்வதற்கு எளியவைதாம் இவ்விதிகள்.

விளைவு எளிதாயில்லை. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கைக்குப் பின், அஜைல் என்னும் வழிமுறை நிறுவனம் நிறுவனமாகப் பரவிக்கொண்டிருந்தது. அதற்குச் சான்று எவ்வளவு உண்டு என டிபோவும் டிங்சோயரும் தேடி 2008இல் எழுதினர். 2005 வரை வந்தவற்றுள் அவர்கள் கண்டெடுத்தவை 1996 ஆய்வுகள். கள அனுபவத்தில் ஊன்றி நின்றவை 36 மட்டுமே. அவற்றுள்ளும் பெரும்பாலானவை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பற்றியவை. இன்று உலகெங்கும் ஆளும் ஸ்க்ரம் முறைக்கு அன்று கிட்டியது ஒரே ஓர் ஆய்வு!

மறுத்துரைப்பது மட்டுமே இத்தொகுப்புகளின் பணி என்று கொள்ளலாகாது. ஒரே கணினியின் முன் இருவர் அமர்ந்து நிரல் எழுதுவது நன்றா என்ற பழைய வழக்கை எடுத்துக்கொள்வோம். 2009இல் 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது, எளிய பணிகளை இருவர் விரைவில் முடித்தாலும் தரம் தாழக்கூடும் எனவும், கடினமான பணிகளில் தரம் உயர்ந்தாலும் மொத்த உழைப்பு மிகும் எனவும் தெரிந்தது. 'நன்றா, தீதா' என்ற வழக்கு, 'எந்தப் பணிக்கு?' என்ற கேள்வியாக மாறிற்று.

ஆயினும் இத்தொகுப்புகளுட் பல ஆய்வாளருக்காக ஆய்வாளரே எழுதியவை. எந்த முறையில் வேலை செய்வது என்று தீர்மானிக்கும் மேலாளரின் மேசையை அவை எளிதில் எட்டுவதில்லை. அம்மேசையில் எடுக்கும் முடிவுக்கேற்பத்தான் பல்லாயிரம் பேரின் பகலும் இரவும் வகுக்கப்படுகின்றன. புதிய முறை ஒன்றைப் புகழ்ந்து எவரேனும் வரும்போது, எத்தனை ஆய்வுகள் என்று கேட்கும் உரிமையையேனும் கிச்சன்ஹாம் போன்றோர் நமக்கு ஈட்டித் தந்திருக்கின்றனர்.