காலாவதியான பத்திரமும் ஒரு கணிதப் பேராசிரியரும்

ஆயுள் காப்புறுதி எடுத்துள்ள அன்பர்கள் தம் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், பலவற்றில் ‘சரண் மதிப்பு’ என்றோர் அட்டவணை இருக்கக் காணலாம். இடையிலே பணம் கட்ட இயலாமற் போயினும் கட்டியது முழுவதும் வீணாகாது என்பதற்கு அதுவே உறுதி. அமெரிக்காவில் இவ்வுரிமை சட்டமாவதற்கு முன்னின்று போராடியவர் எலிசூர் ரைட் (1804–1885) என்னும் காப்புறுதிக் கணக்கியல் வல்லுநர் ஆவார்.

கனெக்டிகட் மாநிலத்திற் பிறந்து, யேல் கல்லூரியில் 1826இல் பட்டம் பெற்ற ரைட், 1829 முதல் ஓஹையோவிலுள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரியில் கணிதம் போதித்தார். அடிமை முறையை எதிர்த்ததனால் 1833இல் அப்பணியை விட்டு, அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளரானார். பின்னர் வருவாய்க்கு வழி குன்றவே, லா ஃபோன்டேனின் நீதிக்கதைகளைப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து 1841இல் வெளியிட்டுத் தாமே வீடு வீடாகச் சென்று விற்றார். பேராசிரியராக இருந்தவர் அதற்கு வெட்கப்படவில்லை.

1844இல் லண்டன் சென்றவர் அங்கே ஒரு காட்சியைக் கண்டார். தவணை கட்ட வழியற்ற முதியோரின் காப்புறுதிப் பத்திரங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. முதியவர் எவ்வளவு விரைவில் இறக்கிறாரோ, வாங்கியவருக்கு அவ்வளவு இலாபம். அடிமைச் சந்தையை எதிர்த்து வந்த அவருக்கு, இதுவும் அதைப் போன்றதாகவே தோன்றிற்று.

இதன் கணக்கு எளியது. வயது ஏற ஏற மரண அபாயம் கூடும். தவணையோ ஆண்டுதோறும் ஒரே தொகை. ஆகவே இளமையில் ஒருவர் தேவைக்கு மேல் செலுத்துகிறார். அம்மிகுதி வட்டியோடு வளர்ந்து அவருடைய முதுமைக்கு உதவ வேண்டும். அதனை நிறுவனம் செலவிட்டுவிட்டால், கும்பாபிஷேகத்திற்கென ஒதுக்கிய பணத்தை அன்றாடச் செலவிற் கரைத்தது போலாகும். தவணை நின்றதும் அதனை முழுவதும் விழுங்கிக்கொள்வதோ இன்னும் கொடுமை. அக்காலத்தில் அதுவே வழக்கமாயிருந்தது.

ஊர் திரும்பிய ரைட், பத்திரம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இருப்பு வைத்திருக்க வேண்டுமெனக் காட்டும் மதிப்பீட்டு அட்டவணைகளைத் தயாரித்தார். அவரது தூண்டுதலால் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1858இல் இருப்பு நிதியைக் கட்டாயமாக்கியது. அவரே காப்புறுதி ஆணையராகவும் நியமிக்கப்பட்டார். 1861இல் வந்த சட்டம், தவணை நின்ற பத்திரத்தின் இருப்பில் ஐந்தில் நான்கு பங்கைக்கொண்டு காப்புறுதியை மேலும் சில காலம் நீட்டிக்கச் செய்தது. நிறுவனங்களுக்கு இவர்மீது கசப்பு மிகுந்தது. 1860களிலேயே பதவியும் போயிற்று.

அதன்பின் ஆலோசகராக நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்துப் பிழைத்தார். கையாற் கணக்கிடும் சலிப்பைக் குறைக்க ஓர் உருளை வடிவக் கருவியை அமைத்து, 1869இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பணம் வாங்கிக்கொண்டே நிறுவனங்களின் தவற்றைக் கண்டித்தும் எழுதினார். இது எல்லோராலும் ஆகக்கூடிய காரியமன்று. சரண் மதிப்பை ரொக்கமாகவே கொடுக்க வேண்டுமென்ற சட்டம் மாசச்சூசெட்ஸில் 1880இல் நிறைவேறியது. அப்போது அவருக்கு வயது 76.

முதுமையில் அவர் குடியிருந்த மெட்ஃபோர்டு ஊரையடுத்த மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் காட்டைப் பொதுமக்களுக்கென நிலைநிறுத்தப் பாடுபட்டார். 1885இல் அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1894இல், அக்காடு பொதுப் பூங்காவாயிற்று.