எக்ஸ் கதிர்ச் சிதறல் டோமோகிராபியும் ஜி. என். ராமச்சந்திரனும்

எக்ஸ் கதிர்ச் சிதறல் டோமோகிராபி என்பது, ஒரு பொருளை அறுக்காமலேயே அதன் உள்ளிருக்கும் நானோமீட்டர் அளவுக் கட்டமைப்பை முப்பரிமாணத்தில் அறியும் முறையாகும். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கதிர் சிதறும் விதத்தைக் கொண்டு நுண்கட்டமைப்பை அறிவதும், பல கோணப் பதிவுகளைக் கொண்டு உள்ளுருவத்தை மீட்பதும் இம்முறையின் இரு தூண்கள். இவ்விரு துறைகளிலும் அடிப்படைப் பணி செய்தவர் ஜி. என். ராமச்சந்திரன் (1922–2001).

கொலாஜன் ஆய்வு

எர்ணாகுளத்தில் பிறந்து சி. வி. ராமனிடம் பயின்ற இவர், 1952 இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் முதன்மைப் புரதமான கொலாஜனின் கட்டமைப்பு அப்போது புதிராக இருந்தது. கங்காரு வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பெற்ற சிதறல் படங்களை கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை 1954 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அவை முப்புரிக் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்று 1955 இல் அவ்வமைப்பு செம்மைப்படுத்தப்பட்டது. ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் கிரிக்கும் ரிச்சும் மாறுபட்டனர். மூவிழை அடிப்படை நிலைத்தது.

உருவத்தை மீட்டல்

பல கோண எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவத்தைப் பெற நீண்ட ஃபூரியர் கணக்குகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு படத்தையும் கணித வழியில் வடிகட்டி, அது வந்த திசையிலேயே பின்னோக்கிப் பரப்பிக் கூட்டினால் போதும் என்று ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971 இல் காட்டினர். வடிகட்டாவிட்டால் உருவம் மங்கும். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967 இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர். எனினும் சி.டி. ஸ்கேன் துறையில் இவ்வடிகட்டி 'ராம்-லாக்' என்றே வழங்குகிறது. சி.டி. ஸ்கேனுக்கான 1979 நோபல் பரிசு கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு ஆகியோருக்குக் கிடைத்தது.

இரண்டும் இணைந்த இடம்

2015 இல் 'நேச்சர்' இதழில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் ஒன்று எலும்பையும் மற்றொன்று பல்லையும் ஆராய்ந்தது. சி.டி. ஸ்கேனில் ஒரு புள்ளிக்கு ஓர் எண் போதும். இங்கோ நுண்ணிழைகளின் திசையும் தெரியவேண்டும். ஆகவே மாதிரியை இரண்டு அச்சுகளில் சுழற்றி, மெல்லிய கதிரால் புள்ளி புள்ளியாகப் பதிந்தனர். இதற்கான கணக்கும் சி.டி. கணக்கைவிடச் சிக்கலானது.

எலும்பில் அவ்வாறு கண்டறியப்பட்டது, கனிமம் படிந்த கொலாஜன் இழைகள் செல்லும் திசையாகும். எலும்பின் வலிமை கனிமத்தின் அளவோடு இத்திசையையும் பொறுத்தது. சென்னையில் அமைப்பு கண்டறியப்பட்ட அதே புரதத்தின் ஒழுங்கை, இன்று எலும்பை உடைக்காமலேயே காணமுடிகிறது.