சணலும் மின் அலையும்

சாக்குப் பைக்குரிய சணலை நாம் அறிவோம். அந்தச் சணலைக் கொண்டே அலைகளின் இயல்பை ஆராய்ந்தார் ஓர் ஆசிரியர். அவர்தாம் கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ்.

1885-இல் அவர் பணியேற்றபோது, ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். போஸ் வகுப்பைக் கைவிடவில்லை, சம்பளத்தைத்தான் தொடவில்லை. மூன்றாண்டுகளுக்குப்பின் முழுச் சம்பளமும் நிலுவையோடு கிடைத்தது.

1888-இல் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ், மின் அலைகளும் ஒளியைப் போலவே எதிரொளிக்கும், விலகும் என்று மெய்ப்பித்தார். அவருடைய அலைகள் நீண்டவை. ஆகவே, அவற்றை விலகச் செய்ய ஒன்றரை மீட்டர் உயரக் கீல் பட்டகம் வேண்டியிருந்தது. 1894-இல் ஆய்வைத் தொடங்கிய போஸ், சில மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கினார். கருவிகள் மேசைமேல் அடங்கின. இன்று அவற்றை நுண்ணலைகள் என்கிறோம்.

புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே ஈயத்தாளைச் செருகி அலையின் வழியில் வைத்தார். ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை சென்றது. கால் வட்டம் திருப்பினால் நின்றது. அலை ஒரே திசையில் அதிர்கிறது என்பதற்கு அதுவே சான்று. 1897-இல் இலண்டன் அறிஞர்முன் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார். மறு ஆண்டில், முறுக்கிய சணல் அவ்வதிர்வின் திசையையே திருப்புவதைக் கண்டார்.

பிள்ளைகளே, கருவி இல்லையே என்று ஏங்காதீர்கள். கையிலுள்ளதை உற்று நோக்குங்கள். உழைப்புக்குரிய மதிப்பையும் விட்டுக்கொடாதீர்கள்.